உறுமல் குற்றமா?

'அடியாத மாடு படியாது' என்றொரு பழமொழி. 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று இன்னொன்று. 'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்று மூன்றாவதும் உண்டு. முதல் இரண்டும் அடித்தால் திருந்தும் என்கின்றன. மூன்றாவதோ என்ன செய்தாலும் திருந்தாது என்கிறது. ஒரே திண்ணையில் அமர்ந்து, ஒரே வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இவை யாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வோர் உளர். திருந்தவே திருந்தாது என்றால் அடிப்பானேன்? அடித்தால் திருந்தும் என்றால் பிறவிக்குணம் என்று பேசுவானேன்? கேட்டால் சினம் கொள்வர். பழமொழியைக் கேள்வி கேட்பது பாட்டனைக் கேள்வி கேட்பதாகுமாம்!

நாம் கேட்கத் துணிந்தது ஏட்டைப் புரட்டியதனால் அன்று. நம் வீட்டுப் பின்கட்டிலே ஒரு நாய், சோற்றுக் கிண்ணத்தின்மீது தலையைக் கவிழ்த்துக்கொண்டு, 'கிட்டே வராதே' என்று நம்மைப் பார்த்து உறுமியதனால் கேட்டோம்.

செவலை என்பது அதன் பெயர். 2021-ஆம் ஆண்டு நம் இல்லம் வந்தது. தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு குடும்பம். தனிவீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புவோரிடம் ஒப்படைத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் பெயர்ந்தது. வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை. இரண்டு வயது நிறைந்த நாட்டு நாய், செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. மந்தைவெளியில் நமக்கோ பின்கட்டு உண்டு, கிணற்றடி உண்டு, நிழலுக்கு ஒரு வேப்பமரமும் உண்டு. அழைத்து வந்தோம்.

ஒரு வாரம் அது போல் நல்ல பிள்ளை இல்லை. தபால்காரரைப் பார்த்துக் குரைக்கவில்லை. கீரைக்காரம்மாளின் கூடையை முகரவில்லை. மாட வீதிவரை நடந்து சென்று திரும்பும். வழியில் வேறு நாய்கள் வம்புக்கு இழுத்தாலும் பெருந்தன்மையோடு விலகும். சோறு வைத்தாலோ அதே நாய் வேறு நாய்! கிண்ணம் கீழே வைக்கப்பட்டதும், பத்தடிக்குள் யார் நடந்தாலும் மெல்லுவதை நிறுத்தும். உடல் கல்லாகும். பிறகு, மெல்லாமலே அள்ளி அள்ளி விழுங்கும். தலை அசையாது, கண் மட்டும் நம்மைத் தொடரும், ஓரத்தில் விழியின் வெள்ளை தெரியும். உதடு மேலேறும். இத்தனைக்கும் பிறகுதான் உறுமல்.

கிண்ணத்தோடு நிற்கவில்லை. எலும்புத் துண்டு, நம் பழைய துண்டு, ஒருநாள் எங்கோ கண்டெடுத்து வந்த தேங்காய் ஓடு, யாவும் அதன் உடைமை ஆயின. சில வாரங்கள் சென்றதும் நம் துணைவியாரின் பிரம்பு நாற்காலியும் அந்தப் பட்டியலிலே சேர்ந்தது. அவர் அதில் அமர்ந்தால் காலடியில் இது படுத்துக்கொள்ளும். நாம் அருகே சென்றால் உறுமும். முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்துக்குப் பின், நம் துணைவியாரிடம் காப்பிக் குவளையை நீட்ட ஒரு நாயிடம் அனுமதி கேட்கும் நிலை!

சிரித்துக்கொண்டிருக்கலாம், வீட்டில் குழந்தை இல்லாதிருந்தால். 2022-இல் மகளும் பேத்தியும் நம்மோடு வந்து தங்கினர். பேத்திக்கு ஐந்து வயது. ஒரு மாலை அவளுடைய பந்து உருண்டுபோய்க் கிண்ணத்தருகே நின்றது. அவள் பந்தின் பின்னே ஓடினாள். செவலை உறைந்தது, உறுமியது. "நில்லம்மா!" என்றோம். நின்றாள். "தாத்தா, அது ஏன் என்னைத் திட்டுது?" என்றாள். பந்துக்கும் அவள் கைக்கும், கைக்கும் நாயின் வாய்க்கும் இடையே இரண்டடி இருந்தது. அந்த இரண்டடியை நினைத்து அன்றிரவு நாம் உறங்கவில்லை.

உலகில் வெறிநோயால் இறப்போரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர்வரை நாயிடமிருந்தே அந்நோயைப் பெறுகின்றனர் என்றும், வெறிநோய் ஐயத்துக்குரிய விலங்கிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. செவலைக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். எனினும், ஐந்து வயதுக் குழந்தையின் முகம் நாயின் பல் மட்டத்தில் இருக்கிறது. பல்லுக்குத் தடுப்பூசி இல்லை. முன்பு நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி; ஆட்டு மூளையில் வளர்த்தெடுத்த அந்தப் பழைய மருந்து 2004-இன் இறுதியில் இந்நாட்டில் கைவிடப்பட்டது. இன்று கையிலே நான்கைந்து ஊசி போதும். ஆனால் கடிபட்டவுடன் செய்யவேண்டிய முதல் வேலை அன்றும் இன்றும் ஒன்றே: ஓடும் நீரில், சவர்க்காரம் போட்டு, பதினைந்து நிமிடம் கழுவுவது, பிறகு தாமதமின்றி மருத்துவமனை. மஞ்சள் அப்புவதும், சுண்ணாம்பு தடவுவதும், மந்திரிப்பதும் அந்தப் பதினைந்து நிமிடத்தைத் திருடும் வேலைகள்.

செய்தி தெருவில் பரவியது. அறிவுரை சொல்ல வந்தோர் இருவகை. "பெசன்ட் நகர்க் கடற்கரையில கொண்டுபோய் விட்டுட்டு வா, தம்பி. அங்க நாலு பேர் சோறு போடுவாங்க" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். நல்லவர், நம் பேத்தியின்மேல் உள்ள அன்பினால் சொன்னார். ஆனால் கடற்கரை அடைக்கலச் சாலை அன்று. ஏற்கெனவே எல்லை பிரித்துக்கொண்டு வாழும் நாய்களுக்கிடையே, சோற்றைக் காக்கும் பழக்கமுள்ள ஒரு நாயைக் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்? நம் பேத்தியின் கைக்குப் பதிலாகச் சுண்டல் விற்கும் சிறுவனின் கை. அவ்வளவுதான்!

சட்டமும் இதைக் குற்றம் என்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. அந்தச் சட்டம் பிறக்கக் காரணமானவர் அடையாற்றில் வாழ்ந்தவர். 1952-இல் மாநிலங்கள் அவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், தனி உறுப்பினராகக் கொண்டுவந்த மசோதாவே அதற்கு வித்து. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. கலையிலும் சமயத்திலும் அவர் கொண்ட கருத்துக்களோடு நமக்கு உடன்பாடில்லாதவை பல. வாயற்ற உயிருக்காக வாய் திறந்தார் என்பதை மறைப்பது நேர்மை ஆகாது. சட்டத்தில் எழுதப்பட்ட தண்டத்தொகையோ முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் ஐம்பது ரூபாய் பணம். இன்று அது பாண்டி பஜாரில் ஒரு குவளைப் பழச்சாற்றுக்குப் போதாது.

இரண்டாம் வகையினர் அடி என்றனர். அவர்களுள் ஒருவர் நாய் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவர். கையிலே ஒரு பிரம்பு, பையிலே கழுத்தை இறுக்கும் சங்கிலி. "ஐயா, நாய் ஓநாய் வம்சம். கூட்டத்துக்குத் தலைவன் யாருன்னு அது தெரிஞ்சிக்கணும். தின்னும்போதே கிண்ணத்தைப் பிடுங்குங்க. உறுமினா இந்தப் பிரம்பு. ஒரே மாசம்!" என்றார். தேநீர் கொடுத்து, வந்து போன செலவையும் கொடுத்து, வணக்கம் கூறி அனுப்பினோம்.

அவருடைய 'தலைவன்' எங்கிருந்து வந்தான் என்பதை வாசகர்கள் அறியவேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் 1947-இல் எழுதினார். ஓயாத போட்டி, மிரட்டல், மேலிடம் கீழிடம். இவையே அவர் கண்டவை. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட நூல் 'தலைமை ஓநாய்' என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதைப் பிடித்துக்கொண்டனர் நாய் பழக்குவோர். ஆனால் அதே மெக், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குக் கோடைதோறும் சென்று, அடைபடாத ஓநாய்களோடு பழகிப் பார்த்தார். அங்கே அவர் கண்டது படையும் தளபதியும் அன்று. தாய், தந்தை, பிள்ளைகள். ஒரு குடும்பம்! 1999-இல் அதை எழுதினார். தம் பழைய நூலை இனி அச்சிடவேண்டாமென்று பதிப்பகத்தாரை அவரே வேண்டிக்கொண்டார். சிறையில் அடைத்த உயிர்களின் நடத்தையைக் கண்டு 'இதுவே இவற்றின் இயல்பு' என்று தீர்ப்பெழுதினால் இப்படித்தான் முடியும். ஆய்வாளர் திருந்திவிட்டார். பிரம்பு இன்னும் திருந்தவில்லை. விலங்கு நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், இந்தத் தலைமைக் கோட்பாட்டை நம்பி நாயைப் பழக்குவதற்கு எதிராக 2008-இல் அறிக்கையே வெளியிட்டது.

பிரம்பினால் பயனே இல்லையா? உண்டு. உறுமல் நிற்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது! உறுமல் என்பது கடி அன்று. கடிக்க விரும்பாத நாய் கொடுக்கும் அறிவிப்பு. அந்த மாலை செவலை உறுமியிராவிட்டால் நாம் 'நில்லம்மா' என்று கூவியிருக்கமாட்டோம். உறுமும்போதெல்லாம் அடிபடும் நாய், உறுமக்கூடாது என்று கற்றுக்கொள்கிறது. கிண்ணத்தைப் பற்றிய அச்சமோ அப்படியே இருக்கிறது. அடியால் கூடியும் இருக்கிறது. அறிவிப்பு மட்டும் போய்விட்டது. 'சாதுவான நாய், திடீரென்று கடித்துவிட்டது' என்று பின்னர் சொல்வார்கள். திடீரென்று அன்று. மணியை அறுத்தெறிந்துவிட்டுக் கோயில் மாடு ஓசையின்றி வந்தது என்று வியக்கலாமா?

அச்சம் என்றோம். எதற்கு அச்சம்? தியாகராய நகர் வீட்டாரைத் தொலைபேசியில் கேட்டோம். மறைக்காமல் சொன்னார்கள். அந்த வீட்டு இளைஞர்களுக்கு ஒரு வழக்கம் இருந்ததாம்: நாய் தின்றுகொண்டிருக்கையில் கிண்ணத்தை எடுத்துவிடுவது, சிறிது நேரம் கழித்துத் திரும்ப வைப்பது. அப்படிச் செய்தால்தான் நாய் அடங்கும் என்று யாரோ கற்றுக்கொடுத்தனராம். பாதி உண்டுகொண்டிருப்பவனின் இலையை உருவிவிட்டு, 'பொறுமையைக் கற்றுக்கொள்' என்பது போன்ற பாடம்! பந்தியில் அமர்ந்தவனைப் பாதியில் எழுப்பிய கதைகள் இந்த நாட்டுக்குப் புதியவை அல்ல. எழுப்பியவனை யாரும் முரடன் என்று சொன்னதில்லை; எழுப்பப்பட்டவன் முறைத்தால் அவனைத்தான் முரடன் என்றனர்.

எனவே நமக்குப் புரிந்தது இது: செவலைக்கு மனிதக் காலடி என்றால் இழப்பு. காலடி கேட்கிறது, கிண்ணம் போகிறது. இரண்டாண்டு இதையே கற்றிருக்கிறது. செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருசிய அறிஞர் பாவ்லோவின் நாய்களுக்கு, சோறு கண்ணில் படுமுன்னரே, சோறு கொண்டுவருபவரைக் கண்டதும் வாயூறியது. எது எதற்கு முன்னே வருகிறது என்பதை நாயின் உடலே கணக்கு வைத்துக்கொள்கிறது. நாம் செய்யவேண்டியது அந்தக் கணக்கைத் திருத்துவது: காலடி கேட்டால் கிண்ணம் போகாது, கிண்ணத்தில் இருப்பதைவிட நல்லதொன்று வரும்.

முதலில் வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பல்வலியும் காதுவலியும் மூட்டுவலியும் சாதுவான நாயையும் சீறச்செய்யும். செவலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிறகு வீட்டில் ஒரு கட்டுப்பாடு: சோறு வைக்கும் வேளையில் பின்கட்டின் இரும்புக் கிராதிக் கதவு பூட்டப்படும், சாவி மேல் ஆணியில், பேத்திக்கு எட்டாத உயரத்தில். கிண்ணத்தையோ எலும்பையோ யாரும் பிடுங்கலாகாது, நாமும் தாம்.

நொச்சிக்குப்பத்து மீனை உப்பிடாமல் வேகவைத்து, முள்ளை நீக்கி, சிறு சிறு துண்டாக்கி வைத்துக்கொண்டோம். செவலையின் கிண்ணத்தில் வெறும் சோறும் சிறிது காயும். பத்தடித் தொலைவில், அது மெல்லுவதை நிறுத்தாத இடத்தில், நாம் நடப்போம்; மீன் துண்டு ஒன்றைக் கிண்ணத்தருகே எறிவோம்; நிற்காமல் திரும்பிவிடுவோம். அவ்வளவே. நின்று கொஞ்சுவதில்லை, பெயர் சொல்லி அழைப்பதில்லை, கண்ணை உற்றுப் பார்ப்பதில்லை. ஒரு வேளைக்கு நான்கைந்து முறை. மூன்று நாளைக்கு ஒருமுறை அரையடி நெருங்கினோம். உடல் உறைந்தால் மறுநாள் ஓரடி பின்வாங்கினோம். தெருவில் இதைப் பார்த்துச் சிரித்தவர் உண்டு. "உறுமுற நாய்க்கு மீன் லஞ்சமா, அண்ணே?" என்று கேட்டார் பக்கத்துவீட்டு இளைஞர். லஞ்சம் என்பது செய்யத் தகாததைச் செய்யக் கொடுப்பது, தம்பி. இது கடன் தீர்ப்பது என்றோம்.

ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், நாம் ஏழடியில் வரும்போது செவலை கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, வாலை ஆட்டி, நம் கையைப் பார்த்தது. சோற்றை விட்டுவிட்டு நம்மைப் பார்த்தது! நாம் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் கிடைத்த கைதட்டல் அந்த வாலாட்டலுக்கு ஈடாகாது. மூன்று திங்களில் கிண்ணத்தருகே நின்று மீனை உள்ளேயே போட முடிந்தது. பின்னர் வெறும் கிண்ணத்தை வைத்து, கையால் பிடி பிடியாகச் சோறு இட்டோம். கை வருவதே சோறு வருவதாயிற்று.

துண்டுக்கும் தேங்காய் ஓட்டுக்கும் வேறு முறை, பண்டமாற்று. 'கொடு' என்று சொல்வது, ஈரல் துண்டைக் காட்டுவது, அது வாயிலிருப்பதை விட்டதும் ஈரலைத் தருவது. பறித்ததை உடனே திருப்பியும் தந்துவிடுவது. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். கொடுத்தாலும் போகாது என்று தெரிந்தபின்தான் உயிர்கள் கொடுக்கத் தொடங்குகின்றன.

பிரம்பு நாற்காலிச் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் துணைவியார். நாம் அருகே வரும்போது செவலை உறுமினால் அவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவார். உறுமாமல் இருந்தால் ஈரல் துண்டு ஒன்று, அதுவும் நம் கையால். எதைக் காக்க உறுமியதோ அதுவே எழுந்து போய்விட்டால் உறுமி என்ன பயன்? நாற்காலி பத்தே நாளில் நமக்கும் பொதுவாயிற்று.

இதை நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நகரமே நாயைப் பற்றிப் பேசியது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு இருபத்துமூன்று இன நாய்களைக் கொடியவை எனப் பட்டியலிட்டு, அவற்றின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கச் சொன்னது. ஏப்ரலில் நீதிமன்றங்கள் அந்தச் சுற்றறிக்கையை நீக்கின. மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. நம் பேத்தியை ஒத்த குழந்தை! அச்செய்தியைப் படித்தபின் 'எல்லா நாயும் ஒன்றே' என்று மேடை முழக்கம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. இனம் தாடையின் வலுவைத் தருகிறது. உடலின் எடையைத் தருகிறது. சில நாட்டங்களையும் தருகிறது. செவலை கடித்தால் தையல். ராட்வைலர் கடித்தால் அறுவை மருத்துவம். ஆகவே அத்தகைய நாயை வைத்திருப்போருக்குப் பொறுப்பும் அத்தனை மடங்கு. வாரின்றிப் பூங்காவில் விடுவது விளையாட்டன்று. ஆனால் 'பிறப்பே கொடியது, பேசிப் பயனில்லை' என்ற தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு நாய் கிண்ணத்தருகே என்ன செய்யும் என்பதை, அந்தக் கிண்ணத்தை யார் எப்படித் தொட்டார்கள் என்பதையும் கேட்காமல் சொல்ல முடியாது. பிறப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதும் வழக்கத்தை வேறு இடங்களிலும் கண்டவர்கள் இந்த ஏட்டின் வாசகர்கள், விரித்துரைக்க வேண்டா.

தெருநாய்களிடமும் சென்னை நெடுங்காலம் இந்தத் தீர்ப்பையே நடைமுறைப்படுத்தியது. பிடித்தது, கொன்றது, தெருவில் நாய் குறையவில்லை. கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய நீலச்சிலுவைச் சங்கத்தார், கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்று 1960-களிலிருந்தே சொல்லிவந்தனர். 1996-இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். ஏற்கெனவே ஆழமாகக் கடித்துவிட்ட நாய், குழந்தை தவழும் வீடு. அங்கே நாம் சொன்ன மீன் துண்டு போதாது. நடத்தை அறிந்த கால்நடை மருத்துவரை நாடுக. அதுவரை நாயையும் குழந்தையையும் கதவு பிரிக்கட்டும். சில நாய்களுக்குக் குழந்தை இல்லாத வேறு வீடே ஏற்றது. அதைத் தேடித் தருவது கைவிடுவதாகாது.

செவலைக்கு இப்போது வயது ஏழு ஆகப்போகிறது. கிண்ணத்தருகே யார் நடந்தாலும் வாலாட்டுகிறது. துண்டைக் கேட்டால் தருகிறது. ஆட்டெலும்பு மட்டும் இன்னும் அதன் தனியுடைமை; அதில் நம் மீனும் ஈரலும் தோற்றுவிட்டன. நாமும் வற்புறுத்தவில்லை. ஞாயிறு தவிர மற்ற நாளில், பேத்தி பள்ளிக்குப் போனபின், பத்து மணிக்கு எலும்பு, கிராதிக் கதவு பூட்டியிருக்கும், பதினொன்றரைக்குத் திறப்போம். சாவி இன்னும் மேல் ஆணியில்தான் தொங்குகிறது. பேத்தி வளர்ந்துவிட்டாள், முக்காலி போட்டால் எட்டும் என்கிறாள். ஆணியை இன்னும் ஓரடி உயரத்தில் அடிக்க நாளை தச்சர் வருகிறார்.